சுமையோடு ஏறிய டென்சிங்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொல்லி நம்ம சங்கச் செயலாளர் கேட்டபோது, கவிதை எழுதலாமா, துணுக்கு எழுதலாமா என்று நாலு நாள் யோசித்தேன். நமக்குக் கவிதை சுத்தமா வராது. அதனால் நான் மனசில் பெரிதாக மதிக்கிற ஒரு மனிதரின் கதையை எழுதுகிறேன். அவர் பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஒரு மார்க் கேள்வியாக வந்துவிடுவார். எவரெஸ்ட் சிகரத்தில் முதன்முதலாக ஏறியவர்கள் யார்? ஹிலாரி, டென்சிங். அவ்வளவுதான். ஒரு மார்க்கை வாங்கிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டோம்.

எனக்கு அந்த ஒரு மார்க் போதவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் ஊர் பெரிய முதலியார்சாவடி. வீட்டை விட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் கடல். என் அத்தை வீடு மரக்காணம் பக்கம். அத்தைக்கு உப்பளத்தில் வேலை. சித்திரை, வைகாசி வெயிலில் பாத்தியில் விளைந்த உப்பைக் கூடையில் அள்ளி, தலையில் சும்மாடு வைத்து, வரப்பு மேலே நடந்து போய் அம்பாரத்தில் கொட்டவேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நடை என்று கேட்டால் அத்தை சிரிக்கும். நம்ம சர்வே பாடத்தில் எல்லா உயரத்தையும் கடல் மட்டத்திலிருந்து எண்ணுகிறோம் இல்லையா? அந்தக் கணக்குப்படி அத்தை நிற்கிற இடம் ஏறக்குறைய பூஜ்யம்.

போன வருடம் நம்ம வகுப்புப் பசங்க பத்துப் பேர் ஒரு பௌர்ணமிக்குப் பர்வதமலை போனோம். திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிற, நாலாயிரம் அடிக்கும் மேற்பட்ட மலை. மேலே போகப் போகச் செங்குத்துப் பாறை. கடப்பாறைப் படி, தண்டவாளப் படி, ஏணிப் படி என்று இரும்பைப் பாறையில் அடித்து வைத்திருக்கிறார்கள். வெறுங்கையோடு ஏறின எங்களுக்கே மூச்சு வாங்கியது. அப்போது ஒரு பெரியவர், தலையில் மூட்டையோடு, வெறுங்காலில், எங்களைத் தாண்டி ஏறிப் போனார். மேலே விற்கிற தண்ணீரும் தின்பண்டமும் அந்த மூட்டையில்தான் போகிறது. நாங்கள் உச்சிக்குப் போனபோது அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் வரிசையாக நின்று போட்டோ எடுத்தோம். படத்துக்குள் வருகிறார் என்று ஒருவன் அவரைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னான். அவரும் தள்ளிக்கொண்டார். சொன்னவன் வேறு யாருமில்லை, நான்தான்.

ஊருக்கு வந்த பிறகு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்தியது. அத்தையை யாராவது அப்படித் தள்ளி நிற்கச் சொன்னால்? அந்த உறுத்தலில்தான் டென்சிங்கைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, அவரும் ஒரு காலத்தில் படத்துக்கு வெளியே நிற்க வைக்கப்பட்ட ஆள் என்று!

யாக் மேய்த்த பையன்

டென்சிங் பிறந்தது 1914-ம் ஆண்டு. மே மாத வாக்கில் என்பார்கள். தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை. பிற்காலத்தில், சிகரம் தொட்ட மே 29-ம் தேதியையே அவர் தன் பிறந்த நாளாக வைத்துக்கொண்டார். அப்பா யாக் எருமை மேய்ப்பவர். பதின்மூன்று பிள்ளைகளில் பதினோராவது பிள்ளை இவர். கூடப் பிறந்தவர்களில் பலர் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார்கள். நேபாளத்தில் எவரெஸ்டுக்குத் தெற்கே, கும்பு பகுதியில் இருக்கிற தாமே கிராமத்தில்தான் வளர்ந்தார். முதலில் வைத்த பெயர் நம்கியால் வாங்டி. ஒரு லாமா பார்த்துவிட்டு டென்சிங் நார்கே என்று மாற்றினார்.

ஷெர்பா என்றால் மலை ஏறும் கூலி என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு இனத்தின் பெயர். திபெத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து பல நூறு ஆண்டுகளுக்கு முன் வந்து குடியேறிய மக்கள். கிழக்கத்திக்காரர்கள் என்றுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம்.

பையனைத் துறவியாக்கலாம் என்று தெங்போச்சே மடத்தில் கொண்டு போய் விட்டார்கள். அங்கே ஒரு லாமா தலையில் அடித்துவிட்டார். பையன் ஓட்டமாக வீட்டுக்கு வந்துவிட்டான்! மடத்துப் படிப்பு அதோடு முடிந்தது. பள்ளிக்கூடப் படிப்பு கிடையவே கிடையாது. வாழ்நாள் முழுக்க அவர் புத்தகம் படித்ததில்லை. ஆனால் ஷெர்பா, திபெத்திய மொழி, நேபாளி, இந்தி, பிறகு ஆங்கிலம் என்று கேட்டுக் கேட்டே பல மொழி பேசினார்.

யாக் மேய்க்கிற இடத்திலிருந்து பார்த்தால் அந்தப் பெரிய மலை தெரியும். அவர்கள் அதற்கு வைத்த பெயர் சோமோலுங்மா. நாம் எவரெஸ்ட் என்கிறோம். இந்த இடத்தில் சிவில் பசங்களுக்கு ஒரு செய்தி. அந்த மலையின் உயரத்தைக் கணக்குப் போட்ட கதை தொடங்கியதே நம்ம பக்கத்தில்தான். 1802-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்தார். அங்கே பிடித்த அளவை முக்கோணம் முக்கோணமாக வடக்கே நீட்டிக்கொண்டே போனார்கள். ஐம்பது வருடம் கழித்து, 1852-ல், ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி கணித அறிஞர் சிகரம் 15 என்று எண் போட்டிருந்த மலைதான் உலகிலேயே உயரமானது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1856-ல் 29,002 அடி என்று அறிவித்தார்கள். 1865-ல் பெயர் வைத்தபோது, ஓய்வு பெற்றுப் போயிருந்த சர்வேயர் ஜெனரல் எவரெஸ்டின் பெயரை வைத்தார்கள். கணக்குப் போட்டவர் படத்துக்கு வெளியே! நம்ம கதை அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது பாருங்கள்.

அனுபவச் சான்றிதழ் இல்லாத ஆள்

பதினெட்டு, பத்தொன்பது வயதில் டென்சிங் வீட்டை விட்டுக் கிளம்பி டார்ஜிலிங் வந்தார். அந்தக் காலத்தில் நேபாளம் வெளிநாட்டுக்காரர்களை உள்ளே விடாது. அதனால் எவரெஸ்டுக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் டார்ஜிலிங்கில் ஆள் எடுத்துக்கொண்டு, திபெத்தைச் சுற்றி வடக்குப் பக்கமாகப் போவார்கள். 1933-ல் ஒரு குழு வந்தது. டென்சிங் தலைமுடியை வெட்டி, புதுத்துணி போட்டுக்கொண்டு போய் நின்றார். எடுக்கவில்லை. முன் அனுபவம் உண்டு என்று காட்டச் சான்றிதழ் இல்லை. வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? நமக்கு இது புதுசா என்ன!

1935-ல் எரிக் ஷிப்டன் ஆள் எடுக்க வந்தார். அப்போதும் டென்சிங்கிடம் சான்றிதழ் இல்லை. ஆனாலும் கடைசி நேரத்தில் வரிசையில் நின்ற இந்தப் பையனின் சிரித்த முகத்தைப் பார்த்து ஷிப்டன் கையைக் காட்டினார். அந்த ஒரு சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

1936-லும் 1938-லும் மறுபடி எவரெஸ்ட் போனார். 1938-ல் 8,200 மீட்டருக்கு மேல் இருந்த முகாம் வரைக்கும் சுமை கொண்டு போனார். அதற்காக அவருக்கும் கூடப் போன மற்றவர்களுக்கும் புலிப் பதக்கம் கிடைத்தது. புலி என்றால் உயரத்தில் சுமை தூக்கும் ஷெர்பாக்களில் முதல் தரம் என்று அர்த்தம். கவனியுங்கள், மலை ஏறியதற்குக் கிடைத்த பதக்கம் இல்லை அது, நன்றாகச் சுமை தூக்கியதற்குக் கிடைத்தது. சிகரம் போவது துரைமார் வேலை, கூடாரமும் சாப்பாடும் கொண்டு போய் வைத்துவிட்டு இறங்குவது ஷெர்பா வேலை. அதுதான் அன்றைக்கு எழுதாத சட்டம். 1922-ல் எவரெஸ்டில் பனிச்சரிவு விழுந்து ஏழு பேர் செத்தார்கள். ஏழு பேரும் சுமை தூக்கிகள்.

டென்சிங்கிற்கு மட்டும் அந்தச் சட்டம் மனசில் ஒட்டவே இல்லை. கூலிக்காகப் போனார் என்பது உண்மைதான். குடும்பம் இருக்கிறதே! ஆனால் உச்சிக்குப் போகவேண்டும் என்ற ஆசை அவருக்குச் சின்ன வயசிலிருந்தே இருந்தது.

அடி மேல் அடி

அதன் பிறகு வந்த வருடங்கள் கஷ்ட காலம். மூத்த மகன் நாலு வயதில் இறந்து போனான். யுத்தம் வந்ததால் மலை ஏறுகிற குழு எதுவும் வரவில்லை. வடமேற்கே, இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கிற சித்ராலில் ஒரு ராணுவ அதிகாரியிடம் வேலைக்குப் போனார். அங்கே 1944-ல் மனைவி தாவா பூட்டி இறந்துவிட்டார். கையில் இரண்டு பெண் குழந்தைகள். அதிகாரி கொடுத்த பழைய சீருடையைப் போட்டுக்கொண்டு, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, ரயிலில் டிக்கெட் இல்லாமல் இந்தியாவைக் குறுக்கே கடந்து டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். பிறகு அங் லாமு என்ற பெண்ணை மணந்தார். வேலை இல்லாத நாட்களில் அந்த அம்மாதான் ஆயா வேலை பார்த்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

1947-ல் ஏர்ல் டென்மன் என்று ஒருத்தர் வந்தார். அனுமதி கிடையாது, பணம் கிடையாது, சரியான துணிமணி கூடக் கிடையாது. திருட்டுத்தனமாகத் திபெத்துக்குள் புகுந்து எவரெஸ்ட் ஏறப் போகிறாராம்! புத்தியுள்ளவன் எவனும் வரமாட்டான் என்று டென்சிங்கிற்கும் தெரியும். ஆனாலும் போனார். மலை கூப்பிட்டால் என்ன செய்வது? குளிரும் காற்றும் தாங்காமல் பாதியில் திரும்பி வந்தார்கள். அதே வருடம் சுவிட்சர்லாந்துக் குழுவோடு கேதார்நாத் சிகரத்தில் ஏறினார். தலைமை ஷெர்பா அடிபட்டு விழ, அந்தப் பொறுப்பு இவரிடம் வந்தது. நம்ம பாஷையில் சொன்னால் மேஸ்திரி. அவர்கள் வார்த்தையில் சர்தார். 1951-ல் பிரெஞ்சுக் குழுவோடு நந்தாதேவி போனார். இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் சிகரத்துப் பக்கம் காணாமல் போனார்கள். அவர்களைத் தேடிப் போன டென்சிங்கும் லூயி டூபோஸ்டும் கிழக்கு நந்தாதேவி உச்சிக்கே போய்விட்டார்கள். காணாமல் போனவர்கள் கிடைக்கவே இல்லை. எவரெஸ்டை விட அந்த ஏற்றம்தான் கஷ்டம் என்று பின்னால் அவர் சொல்வதுண்டு.

மெழுகுவர்த்தியில் உருக்கிய தண்ணீர்

இதற்குள் நேபாளம் கதவைத் திறந்தது. 1952-ல் சுவிஸ் குழு தெற்குப் பக்கமாகக் கிளம்பியது. அவர்கள் டென்சிங்கை சர்தாராக மட்டும் எடுக்கவில்லை. ஏறுகிற குழுவில் ஒருவராகவே சேர்த்தார்கள். அவர் வாழ்க்கையில் இதுதான் பெரிய திருப்பம் என்று எனக்குத் தோன்றுகிறது. சிகரம் தொட்டது அடுத்த வருடம்தான். ஆனால் உன்னைப் போல நான் என்று ஒருத்தன் முதன்முதலாகச் சமமாக நடத்தியது இந்த வருடம்.

அவரோடு கயிற்றில் கட்டிக்கொண்டு போனவர் ரேமண்ட் லாம்பெர்ட். லாம்பெர்ட்டுக்கு நேபாளி தெரியாது, டென்சிங்கிற்கு பிரெஞ்சு தெரியாது. கை ஜாடைதான்! மே 27 அன்று இரவு இரண்டு பேரும் 8,400 மீட்டர் உயரத்தில் ஒரு சின்னக் கூடாரத்தில் தங்கினார்கள். தூங்க உறைப்பை இல்லை. அடுப்பு இல்லை. ஒரு மெழுகுவர்த்தி மேல் டப்பாவை வைத்துப் பனிக்கட்டியை உருக்கிக் கொஞ்சம் தண்ணீர் குடித்தார்கள். உறைந்து போகாமல் இருக்க ராத்திரி முழுக்க ஒருவரை ஒருவர் அடித்துத் தேய்த்துவிட்டுக்கொண்டார்கள். மறுநாள் ஏறக்குறைய 8,600 மீட்டர் வரைக்கும் போனார்கள். அதுவரை மனிதன் அவ்வளவு உயரம் ஏறியதாகப் பதிவு இல்லை. அங்கே நின்று யோசித்தார்கள். மேலே போனால் போகலாம், திரும்பி வர முடியாது. திரும்பிவிட்டார்கள். அவ்வளவு பக்கத்தில் போய்த் திரும்புவதற்கும் ஒரு தைரியம் வேண்டும் நண்பர்களே!

லாம்பெர்ட் கொடுத்த சிவப்புத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டுதான் டென்சிங் அடுத்த வருடம் சிகரத்தில் ஏறினார்.

கொட்டகையும் கயிறும்

1953. பிரிட்டிஷ் குழு. தலைவர் ஜான் ஹன்ட். டென்சிங்கிற்கு இது ஏழாவது எவரெஸ்ட் பயணம். சர்தாரும் அவரே, ஏறும் குழுவில் ஒருவரும் அவரே. காட்மாண்டு வந்ததும் ஒரு சங்கடம். குழுவினருக்குத் தூதரகத்துக்குள் அறைகள். ஷெர்பாக்களுக்குக் கார் நிறுத்துகிற கொட்டகை, முன்பு குதிரை லாயமாக இருந்தது. கழிப்பறை கூடக் கிடையாது. டென்சிங்கும் தன் ஆட்களோடு அந்தக் கொட்டகையிலேயே படுத்தார். மறுநாள் காலை கோபத்தில் ஷெர்பாக்கள் தூதரகத்து முன்னாடியே வரிசையாக நின்று சிறுநீர் கழித்துவிட்டார்கள்! நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் அது சிரிப்புக்காகச் செய்தது இல்லை, மரியாதைக்காகச் செய்தது. இரண்டு பக்கமும் பேசிச் சமாதானம் செய்கிற வேலை டென்சிங் தலையில் விழுந்தது. சைட்டில் மேஸ்திரிகள் படும் பாடு நமக்குத் தெரியாதா?

மார்ச் மாதம் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சுமை தூக்கிகளோடு காட்மாண்டுவிலிருந்து கிளம்பினார்கள். அப்போது மலைக்குப் போக ரோடும் இல்லை, விமானமும் இல்லை. கும்பு போய்ச் சேரவே இரண்டு வாரத்துக்கு மேல் நடை.

ஏப்ரல் கடைசியில் பனி அருவியில் ஒரு சம்பவம். பனி அருவி என்பது பனி ஆறு உடைந்து மாடி வீடு மாதிரி கட்டி கட்டியாகத் தொங்குகிற இடம். ஒரு பிளவைத் தாண்டக் குதித்தார் நியூசிலாந்துக்காரர் எட்மண்ட் ஹிலாரி. கால் வைத்த கட்டி உடைந்து அவரோடு சேர்ந்து உள்ளே விழுந்தது. பின்னால் வந்த டென்சிங் கண் மூடித் திறப்பதற்குள் பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றைச் சுற்றி இறுக்கிப் பிடித்துவிட்டார். ஹிலாரி பிழைத்தார். அன்றைக்கே ஹிலாரி மனசில் முடிவு செய்துவிட்டார் போல, ஏறினால் இவரோடுதான் ஏறுவது என்று.

மே 26 அன்று முதல் ஜோடி போர்டிலனும் எவன்ஸும் தெற்குச் சிகரம் வரை போய், ஏறக்குறைய நூறு மீட்டர் மிச்சம் இருக்கும்போது திரும்பினார்கள். அதே நாள் குழுத் தலைவர் ஹன்டும் தா நம்கியால் என்ற ஷெர்பாவும் அடுத்த ஜோடிக்கான சாமான்களை முடிந்த மட்டும் மேலே கொண்டு போய் வைத்துவிட்டு வந்தார்கள். மே 28 அன்று ஹிலாரி, டென்சிங், லோ, கிரிகரி, அங் நிமா ஐந்து பேரும் கடைசி முகாமுக்கான சுமையை முதுகில் ஏற்றிக்கொண்டார்கள். முன்னால் வைத்திருந்த சாமான்களையும் எடுத்துக்கொள்ள, ஹிலாரி முதுகில் மட்டும் 25 கிலோவுக்கு மேல். 8,400 மீட்டர் உயரத்தில் துரை யார், கூலி யார்? எல்லோரும் சுமை தூக்கிகள்தான்! அந்த எழுதாத சட்டத்தை மலையே கிழித்துப் போட்டுவிட்டது.

பதினைந்து நிமிடம்

மே 29 விடியற்காலை நாலு மணி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 27 டிகிரி. கூடாரத்தைத் திறந்து பார்த்தார்கள். கீழே, ரொம்பக் கீழே, தெங்போச்சே மடம் தெரிந்தது. டென்சிங்தான் அதைக் காட்டினார். எந்த மடத்திலிருந்து அடி வாங்கிக்கொண்டு ஓடி வந்தாரோ, அதே மடம்! ஹிலாரி ராத்திரி பூட்ஸைக் கழற்றி வைத்திருந்தார். அது இரும்பு மாதிரி உறைந்து போய்விட்டது. ஸ்டவ்வில் காட்டி இளக்கவே நேரம் ஆயிற்று. டென்சிங் பூட்ஸைக் கழற்றாமலே படுத்திருந்தார். பழகின ஆள் இல்லையா?

ஆறரை மணிக்குக் கிளம்பி, ஒன்பது மணிக்குத் தெற்குச் சிகரம். வழியில் டென்சிங்கின் ஆக்சிஜன் குழாயில் பனி அடைத்துக்கொண்டபோது ஹிலாரி அதைத் தட்டிச் சரி செய்தார். பிறகு நாற்பது அடி உயரப் பாறைச் சுவர். பாறைக்கும் பனிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் உடம்பை நுழைத்து ஹிலாரி ஏறினார், கயிற்றில் டென்சிங் பின்னால் ஏறினார். பகல் 11.30. அதற்கு மேல் ஏற இடம் இல்லை.

ஹிலாரி கை குலுக்கக் கையை நீட்டினார். டென்சிங் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பனிக்கோடரியில் ஐக்கிய நாடுகள், பிரிட்டன், நேபாளம், இந்தியா நாலு கொடியையும் கட்டித் தூக்கிப் பிடித்தார். பனியைத் தோண்டி மிட்டாயும் பிஸ்கட்டும் படையல் வைத்தார். கூடவே சின்ன மகள் நிமா கொடுத்தனுப்பிய பென்சிலையும் புதைத்தார். பள்ளிக்கூடமே போகாத அப்பா, உலகத்து உச்சியில் மகளுடைய பென்சிலை வைத்துவிட்டு வந்தார்! இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பதினைந்து நிமிடம் இருந்தார்கள். ஹிலாரி படம் எடுத்தார். உச்சியில் நிற்கிற அந்தப் படத்தில் இருப்பவர் டென்சிங் ஒருவர்தான். ஹிலாரிக்கு உச்சியில் படமே கிடையாது!

யார் முதலில்?

இறங்கி வந்ததும் தொல்லை ஆரம்பித்தது. உச்சியில் முதலில் கால் வைத்தது யார்? காட்மாண்டுவில் டென்சிங் மேலே நின்று ஹிலாரியைக் கயிற்றில் இழுப்பது மாதிரி படம் வரைந்து ஊர்வலம் போனார்கள். நேபாளம் எங்கள் ஆள் என்றது, இந்தியா எங்கள் ஆள் என்றது. பிரிட்டனில் ஹன்டுக்கும் ஹிலாரிக்கும் சர் பட்டம் கிடைத்தது, டென்சிங்கிற்கு ஜார்ஜ் பதக்கம் மட்டும். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றாகவே போனோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். யாரும் விடுவதாக இல்லை.

1955-ல் டென்சிங் சொல்லச் சொல்ல எழுதப்பட்ட வாழ்க்கைக் கதை வெளிவந்தது. அதில் அவரே விஷயத்தை உடைத்தார். முன்னால் போனது ஹிலாரி, சில அடி பின்னால் நான். அவ்வளவுதான். தன்னைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ஜனங்களுக்கு இது பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். பொய் சொன்னால் ஒரு நாடே நம்பத் தயாராக இருந்தது. ஆனாலும் உண்மையைச் சொன்னார். சிகரம் ஏறியதை விட இது பெரிய ஏற்றம் என்பது என் கருத்து. ஒரே கயிற்றில் போகிறவர்களுக்கு முதல், இரண்டு என்ற கணக்கே கிடையாது என்பதுதான் அவர் கட்சி.

மலைப் பள்ளிக்கூடம்

பிரதமர் நேரு டென்சிங்கைத் தம்பி மாதிரி நடத்தினார். தன் அலமாரியைத் திறந்து தன் துணிகளையே கொடுத்தார். 1954-ம் ஆண்டு நவம்பர் 4-ம் தேதி டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிலையம் தொடங்கியது. அங்கே களப் பயிற்சிக்கு டென்சிங்தான் இயக்குநர். பொறுப்பு ஏற்பதற்கு முன் சுவிட்சர்லாந்து போய், முறையாகக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று தானே மாணவனாகப் பயிற்சி எடுத்தார். உலகமே புகழ்ந்த பிறகும், நாற்பது வயதில், பாடம் கேட்க உட்கார்ந்த மனிதர்! 1976 வரை எத்தனையோ இளைஞர்களுக்கு முடிச்சுப் போடவும், பனியில் படி வெட்டவும், திரும்பவேண்டிய நேரத்தில் திரும்பவும் கற்றுக்கொடுத்தார். 1959-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது.

தன் பிள்ளைகள் மலைக்குப் போவதை மட்டும் அவர் விரும்பவில்லை. அவர்கள் படிக்கவேண்டும், சுமை தூக்கக் கூடாது என்பதற்காகத்தான் தானே ஏறியதாக நினைத்தார். நம்ம வீட்டுப் பெரியவர்கள் நினைப்பதும் இதுதானே! உப்பளத்து அத்தை என்னைப் பாலிடெக்னிக்கில் சேர்க்கச் சொல்லி அப்பாவிடம் சண்டை போட்டதும் இதற்காகத்தான். ஆனால் மகன் ஜாம்லிங் கேட்கவில்லை. அப்பா இறந்து பத்து வருடம் கழித்து, 1996 மே மாதம் எவரெஸ்ட் உச்சியில் ஏறி அப்பாவை நினைத்துக்கொண்டார்.

1986-ம் ஆண்டு மே 9-ம் தேதி டென்சிங் டார்ஜிலிங்கில் காலமானார். அவர் பாடம் நடத்திய பயிற்சி நிலையத்து வளாகத்திலேயே அவர் சிலை நிற்கிறது. மத்திய அரசு சாகசத்துக்குத் தரும் தேசிய விருது இன்று அவர் பெயரில் இருக்கிறது. எவரெஸ்ட் போகிறவர்கள் இப்போது லுக்லா வரை விமானத்தில் போகிறார்கள். அந்த விமான நிலையத்துக்கு 2008-ல் இருவர் பெயரையும் வைத்தார்கள். டென்சிங் - ஹிலாரி விமான நிலையம். இங்கே பெயர் வரிசையில் முதலில் யார் பாருங்கள்!

நமக்கு என்ன?

2020-ல் நேபாளமும் சீனாவும் சேர்ந்து எவரெஸ்டின் உயரத்தை 8,848.86 மீட்டர் என்று அறிவித்தன. இன்றைக்கு அங்கே ஏறுகிறவர்கள் ஏராளம். நம்ம தமிழ்நாட்டிலிருந்து முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் ஏறினார். பெருமைதான். ஆனால் சுமை தூக்குவது இன்றைக்கும் அதே மலைமக்கள்தான். 2014 ஏப்ரல் 18 அன்று அதே பனி அருவியில் பனிச்சரிவு விழுந்து 16 பேர் இறந்தார்கள். எல்லோரும் மற்றவர்களுக்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த நேபாளத்துக்காரர்கள். 1922-ல் ஏழு. 2014-ல் பதினாறு. தொண்ணூற்றிரண்டு வருடத்தில் எவ்வளவோ மாறியது, அது மட்டும் மாறவில்லை.

நண்பர்களே, நாம் டிப்ளமோ முடித்து வெளியே போகிறோம். சைட்டிலும் பட்டறையிலும் நமக்கு மேலே இன்ஜினீயர்கள் இருப்பார்கள், நமக்குக் கீழே என்று சொல்லப்படுகிறவர்கள் இருப்பார்கள். கொத்தனார், சித்தாள், ஹெல்பர், வெல்டர். கட்டடம் திறக்கிற அன்று கல்வெட்டில் அவர்கள் பெயர் இருக்காது. நம்ம பெயரும் இருக்காது! டிப்ளமோதானே என்று நம்மைத் தள்ளி நிற்கச் சொல்லும்போது நமக்கு வலிக்கும். அந்த வலியை நமக்குக் கீழே நிற்கிறவருக்கு நாம் கொடுக்காமல் இருந்தால், டென்சிங் கதையைப் படித்ததற்கு அதுதான் பலன். கயிறு ஒன்று. அதில் கட்டியிருக்கிற ஒருவர் வழுக்கினால் இன்னொருவர்தான் பிடிக்கவேண்டும்.

வரும் சித்ரா பௌர்ணமிக்கு மறுபடி பர்வதமலை போகலாம் என்று இருக்கிறேன். அந்தப் பெரியவரைத் தேடவேண்டும். கிடைத்தால், முடிந்த மட்டும் அவர் மூட்டையில் பாதியை நான் தூக்கவேண்டும். உச்சியில் அவர் சம்மதித்தால் நடுவில் உட்கார வைத்து ஒரு படம் எடுக்கவேண்டும். வருகிறவர்கள் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.

அடுத்த மலர் வரும்போது அந்தப் படத்தைப் போடச் சொல்லி நம்ம செயலாளரிடம் இப்போதே இடம் கேட்டு வைத்துவிட்டேன்!



— மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன், பெரிய முதலியார்சாவடி